இன்னும் ரெண்டு மடக்கு

பிப்ரவரி 11

காலை வகுப்பில் வங்கிக்காரர் இன்றும் வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பேருந்து அடித்த ஹாரனில் மனிதருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. “பயப்படாதீங்க சார். என் காலடியில ஒரு பிரேக் இருக்கு. நீங்க என்ன பண்ணாலும் நான் நிறுத்திடுவேன்” என்றேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோருக்கும் சொல்லும் வசனம்தான். உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நான் என்பது அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாலு அடுப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு சாவகாசமாகச் சொல்கிறாள்: ஐந்து நாளில் ஐந்து மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்துவிட்டாளாம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற இருபத்தாறு வயதுப் பெண். நான் இன்னும் வாலு என்றுதான் கூப்பிடுகிறேன். காரணம் இதுதான்.

“ஏன்டி அஞ்சு? ஒண்ணு பத்தாதா?”

“எனக்கு வேகமா ஓட வராதும்மா. நிறைய ஓட வரும். எங்க குழுவுல எல்லாரும் ஆமைன்னுதான் கூப்பிடுறாங்க. ஆமை அஞ்சு நாளும் ஓடுச்சுன்னு இருக்கட்டுமே.”

ஓடுகிற ஒவ்வொருவருடனும் ஒரு துணை ஆள் வர வேண்டுமாம். நீ வா என்கிறாள். இவரிடம் கேட்டேன். அச்சகத்துக்கு ராத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, “போயிட்டு வா. இங்க இருந்தா அஞ்சு நாளும் என் உயிரை எடுப்ப” என்றார்.

பிப்ரவரி 12

தூக்கமே இல்லை. நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன். பெருக்கியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 15

எழுதிவிட்டால் மண்டையை விட்டுப் போகுமா என்று பார்க்கிறேன்.

போன கோடையில் ஒரு மாரத்தான். முடிகிற கோட்டைத் தாண்டியதும் வாலு அப்படியே மடங்கி விழுந்தாள். உதடு வெளுத்து, கண் மேலே செருகி. மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அங்கிருந்த டாக்டர், “ஒண்ணும் இல்ல, உடம்புல தண்ணி பத்தல” என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்ததும் எழுந்து உட்கார்ந்து, “ஏம்மா இப்படி ஊரைக் கூட்டுற?” என்று என்னையே கேட்டாள்.

அவளுக்கு அது முடிந்துபோன கதை. எனக்கு இன்னும் மடி கனக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். தண்ணீர் பத்தவில்லை. அவ்வளவுதானே? இந்த முறை நான் பக்கத்தில் இருக்கிறேன். பத்தாமல் போக விடுவேனா?

மார்ச் 9

வந்து சேர்ந்தோம். மலைமேல் ஒரு பெரிய ஏரி. அதைச் சுற்றித்தான் தினமும் ஓட வேண்டும். சுற்று முடியும் இடத்தில் வரிசையாக நாற்காலிகள் போட்டு, துணைக்கு வந்தவர்களை உட்கார வைக்கிறார்கள். கூடாரத்தில் ஒரு நர்ஸ். காலையிலும் மாலையிலும் எல்லோரையும் எடை பார்ப்பாளாம். என் மகளைவிடச் சின்னவளாக இருக்கிறாள். இவளை நம்பியா இத்தனை பேர் ஓடப்போகிறார்கள்?

அடுத்த நாற்காலி ஒரு பிளம்பருக்கு. ஓடப்போவது அவர் மனைவி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மனிதர் மடியில் ஒரு கட்டு பழைய பத்திரிகை. “படிக்காம சேர்ந்து போச்சுங்க. அஞ்சு நாள்ல முடிச்சிடலாம்” என்றார். இவர் வந்தது பத்திரிகை படிக்க.

மார்ச் 10

முதல் நாள். குளிர்காற்று. வெயிலே இல்லை.

ஓடுகிறவள் அவள், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்பவள் நான். அவள் ஏரியின் அந்தப் பக்கம் போய்க் கண்ணுக்கு மறைந்துவிடுவாள். அவளுடைய மஞ்சள் தொப்பி திரும்பத் தெரிகிறவரை உயிர் என்னிடம் இல்லை. தெரிந்ததும் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடுவேன்.

“வேணாம்மா. இப்பதான் குடிச்சேன்.”

“அது போன சுற்றுல. குடி, இன்னும் ரெண்டு மடக்கு.”

குடித்தாள். மற்றவர்கள் எல்லோரும் முடித்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கியே எழுந்திருப்பார்கள். இவள் இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். எடை கொஞ்சம் குறைந்திருந்தது. “நல்லது, இப்படித்தான் இருக்கணும்” என்றாள் நர்ஸ். ஓடி ஓடி ஒரு பிள்ளை கரைந்து போயிருக்கிறது, அதில் என்ன நல்லதைக் கண்டாள்? எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு இன்னும் கூடக் கொடுக்க வேண்டும்.

பிளம்பர் தன் மனைவிக்கு எதையும் நீட்டவே இல்லை. கேட்டதற்கு, “கேட்டா குடுப்பேங்க” என்கிறார். கல்நெஞ்சக்காரர்.

மார்ச் 11

இரண்டாம் நாளும் முடித்துவிட்டாள். மாலை எடையும் காலை எடையும் ஒன்றுதான். துளி குறையவில்லை. எனக்கு ஒரே பெருமை. நர்ஸ் அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தாள். பார்க்கட்டும்.

முகம் சற்று உப்பிய மாதிரி இருந்தது. தலை வலிக்கிறது என்றாள். களைப்புதான். படுப்பதற்கு முன் ஒரு பாட்டில் குடிக்க வைத்தேன். முகத்தைச் சுளித்தாள். சின்ன வயதில் மருந்து கொடுக்கும்போதும் இப்படித்தான் சுளிப்பாள்.

மார்ச் 12, காலை

மூன்றாம் நாள். ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

எடை முதல் நாளைவிடக் கூடியிருக்கிறது. வாலு ஷூ மாட்டப் போயிருந்தாள். நர்ஸ் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். “எடை ஏறக் கூடாதும்மா. தாகம் எடுத்தா மட்டும் குடிக்கச் சொல்லுங்க. அவங்ககிட்டயும் சொல்லிடுங்க.”

சரி என்றேன். சொல்லவில்லை. சொன்னால் இவள் அதையே சாக்காக வைத்துக்கொண்டு நிறுத்திவிடுவாள். போன கோடையில் மடியில் போட்டுக்கொண்டு கத்தியது நானா, இந்த நர்ஸா?

மஞ்சள் தொப்பி வருகிறது. போகிறேன்.

மார்ச் 12

ஆஸ்பத்திரி. வலிப்பு வந்துச்சு. ஆம்புலன்ஸ்ல, என் கண்ணு முன்னாடி. கை காலெல்லாம் வெட்டி வெட்டி – நான் பிடிச்சேன், பிடிக்காதீங்கன்னாங்க. உள்ள கொண்டு போயிட்டாங்க. கதவு மூடியிருக்கு. என்னடி பண்ணேன் உன்னை? நான் என்ன பண்ணேன்?

மார்ச் 13

இன்னும் உள்ளேதான் வைத்திருக்கிறார்கள். இந்த வராந்தாவில் இரும்பு நாற்காலி ஒன்று. வீட்டிலிருந்து இவர் வந்துகொண்டிருக்கிறார். எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்று மதியத்துக்கு மேல் மஞ்சள் தொப்பி மெதுவாக வந்தது. ஓட்டம் இல்லை, நடையும் இல்லை, தள்ளாட்டம். வழியிலேயே வாந்தி எடுத்திருக்கிறாள். நான் பாட்டிலோடு எதிரே போனேன். என்னைத் தாண்டிப் போய் பிளம்பரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அவரைப் பார்த்து, “அம்மா எங்க?” என்று கேட்டாள். நான் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். “அம்மா இன்னும் வரலையா?” என்கிறாள். என்னைப் பார்க்கிறாள், ஆனால் நான் அங்கே இல்லை.

அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. அப்போது நான் செய்த காரியம் என்ன? பாட்டிலை வாயில் வைத்தேன். குடிடி, குடிச்சா சரியாயிடும், இன்னும் ரெண்டு மடக்கு. பிளம்பர் எழுந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். பத்திரிகையெல்லாம் மண்ணில் விழுந்தது. “நர்ஸம்மா” என்று அவர் போட்ட சத்தத்தில் ஏரியின் அந்தப் பக்கம் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

டாக்டர் விளக்கினார். குடித்த தண்ணீர் வெளியே போகாமல் உடம்பிலேயே தேங்கியிருக்கிறது. ரத்தத்தில் உப்பு இறங்கி, மூளையில் வீக்கம். குளிரில் மெதுவாக, நாள் முழுக்க ஓடுகிறவர்கள் தாகத்துக்கு மேல் குடித்தால் இப்படி ஆகுமாம். உயிரே போகலாமாம்.

“யார் இவ்வளவு குடுத்தது?”

“நான்தான் டாக்டர். அம்மா.”

அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீர் பத்தாமல் செத்துவிடுவாளோ என்று பயந்தேன். தண்ணீர் கொடுத்தே கொல்லப் பார்த்திருக்கிறேன். பெற்றவள்.

மார்ச் 14

கண் திறந்தாள். என்னைத் தெரிகிறது. முதலில் கேட்டது: “தாகமா இருக்கும்மா.”

கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். உப்பு மருந்து ஏறி முடிகிறவரை ஒரு சொட்டுக்கூட. ஈரப்பஞ்சால் உதட்டை ஒற்றினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா எங்கே என்று கேட்டாள். இவர் வெளியே சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றேன்.

மார்ச் 16

பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூளையில் ஒன்றும் பழுதில்லை என்று டாக்டர் சொன்னதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“வேணாம்னு சொல்லியிருக்கலாமேடி.”

“சொன்னேனே.”

சொன்னாள்தான்.

ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “நீ பாட்டிலை நீட்டுறப்ப உன் மூஞ்சியைப் பாத்தா, குடிக்காம போக மனசு வராதும்மா. குடிச்சா உன் மூஞ்சி கொஞ்சம் சரியாகும். அதுக்காகத்தான் குடிச்சேன்.”

நான் போர்வையைச் சரிசெய்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நர்ஸ் சொன்னதை இவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

வேலைக்குத் திரும்பினேன். எதிரே ஒரு நாய்கூட இல்லாத சாலையில் வங்கிக்காரர் ஒழுங்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. அவர் தலை முன்னால் போய் வந்தது. “நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?” என்றார் பாவமாக. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அந்த வகுப்புக்கு ஒரு மாதத்துக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டேன்.

மே 6

சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம். “நர்ஸ் அன்னைக்குக் காலையிலயே எங்கிட்ட சொன்னா. உன்கிட்ட சொல்லச் சொன்னா. நான் சொல்லல” என்றேன். ஒரே மூச்சில். இல்லாவிட்டால் வந்திருக்காது.

கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

மே 7

பேசவில்லை.

மே 8

பேசவில்லை. சாப்பிடும்போது உப்பு ஜாடியைக்கூட அப்பாவிடம்தான் கேட்டாள். அது என் முன்னால் இருந்தது.

மே 11

இன்று ஷூ லேஸைக் கட்டியபடி, தலை நிமிராமலே சொன்னாள். “நவம்பர்ல திரும்ப ஓடப்போறேன். அதே ஏரி, அஞ்சு நாள். டாக்டர் சரின்னுட்டார். நீதான் வர்ற.”

“நானா? உனக்குப் பைத்தியமாடி? அப்பா வரட்டும்.”

“அப்பா வந்தா நீ இங்க உக்காந்து உயிரை விட்டுடுவ. அங்க வந்து பயப்படு. ஆனா நீட்டக் கூடாது. நான் கேட்டா குடு.”

“கேக்கலைன்னா?”

“கேக்கலைன்னா எனக்கு வேணாம்னு அர்த்தம்.”

கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். “இல்ல” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு ஓடப் போய்விட்டாள்.

நவம்பர் 17

முதல் நாள். அதே நர்ஸ். நானே போய், “போன தடவை நீங்க சொன்னதை நான் கேக்கல” என்றேன். “இந்தத் தடவை கேளுங்க, போதும்” என்று சிரித்தாள். சின்னப் பெண்தான். பேரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 18

மாலையில் எடை லேசாகக் குறைந்திருந்தது. நல்லது என்றாள் நர்ஸ். நல்லது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். பழக வேண்டும்.

நவம்பர் 19

மூன்றாம் நாள். விடிந்ததிலிருந்து எனக்கு வாயில் எச்சில் இல்லை. இந்தத் தடவையும் அடுத்த நாற்காலிக்கு வந்திருக்கும் பிளம்பர், புதுக் கட்டுப் பத்திரிகையில் பாதியை என் மடியில் வைத்தார். ஒரே பக்கத்தை மதியம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது.

சுற்று முடிந்து வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். நீட்டவில்லை. காலையெல்லாம் வாலு என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கடந்து போனாள். ஒவ்வொரு முறையும் அவள் கண் எங்கே பார்க்கிறது, கால் நேராக விழுகிறதா என்று பார்த்தேன். அந்தப் பக்கம் போய் மறைகிறபோது ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. முகத்தை மட்டும் சரியாக வைத்துக்கொண்டேன். அதுதான் பெரிய வேலை.

மதியத்துக்கு மேல் என் முன்னால் வந்து நின்றாள்.

“அம்மா, தண்ணி.”

கொடுத்தேன். மூன்று வாய் குடித்தாள். பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இன்னும் ரெண்டு மடக்கு என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மிச்சத்தை நான் குடித்தேன். நின்ற இடத்திலேயே, ஒரே மூச்சில், கழுத்தெல்லாம் வழிய. காலையிலிருந்து எனக்கு அவ்வளவு தாகமாக இருந்திருக்கிறது.