சிங்கப்பூரிலிருந்து நாலு மணித்தியாலம்

என் பாசமுள்ள அண்ணைக்கு,

ஒன்பது வருசம் உங்களோடு பேசாமல் இருந்துவிட்டேன். போதும்.

அப்பா செத்த அன்று நான் போட்ட கணக்கு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இருந்த சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்குப் பறக்க நாலு மணித்தியாலம். எங்கள் நேரம் இரண்டரை மணித்தியாலம் பின்னால். மறுநாள் காலை எட்டுக்கு ஏறினால் ஒன்பதரைக்குக் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்கலாம். மூத்த மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும் என்று மூன்று மணிவரை பிரேதத்தை வைத்திருந்தேன். "இவ்வளவு கிட்ட இருந்தும் வரேல்லையே!" என்று மாமா பந்தலுக்குள் உரக்கச் சொன்னார். தெரியாத இலக்கத்திலிருந்து கைபேசி மூன்று தரம் அடித்தது. சாக்குச் சொல்ல நீங்கள்தான் அழைக்கிறீர்கள் என்று நான் தொடவில்லை. கொள்ளிக்குடத்தை நானே தூக்கினேன்.

அதன்பிறகு உங்கள் எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் இலேசில் போகாது என்று உங்களுக்குத் தெரியும்தானே?

போன கிழமை, நீங்கள் கண்மூடி எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த பிறகு, அண்ணி சிங்கப்பூரிலிருந்து போன் எடுத்தா.

"அவர் அண்டைக்கு வந்தவர், தம்பி."

"எங்கை வந்தவர்?"

"சுடலைக்கு. வவுனியா தாண்டி, அவர் பிடிச்சு வந்த வானிலை ரயர் வெடிச்சுப் போச்சு. வான்காரன்ரை போனிலை மூண்டு தரம் எடுத்தவராம். வந்து இறங்கேக்கை நீங்கள் கொள்ளி வைச்சிட்டு நடந்து போறியளாம்."

"ஏன் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டால் திரும்பிப் பாப்பியளாம். கொள்ளி வைச்சவன் திரும்பிப் பாக்கக்கூடாதெண்டு விட்டிட்டார். வீட்டை வந்தால், அண்ணனுக்குக் காத்திருக்கேல்லை எண்டு சனம் உங்களைத்தான் பேசுமாம். அப்பிடியே திரும்பிட்டார். உங்களிட்டைச் சொல்லவேண்டாமெண்டு என்னட்டைச் சத்தியம் வேறை."

வானத்தில் நாலு மணித்தியாலத்தைச் சரியாகக் கணித்த படித்த மனிதன், கட்டுநாயக்காவிலிருந்து எங்கள் முள்ளியவளைக்கு ஏழு மணித்தியால றோட்டைச் சேர்க்கவில்லை. மறந்தேனா, சேர்க்க விருப்பமில்லாமல் விட்டேனா?

வெட்கமாக இருக்கிறது. ஆனால் அண்ணை, அதைவிட எவ்வளவு நிம்மதி தெரியுமா! அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "என்னப்பா, முகம் வெளிச்சுக் கிடக்கு?" என்று மனிசி கேட்டாள். அப்பாவை மூத்த மகன் கைவிடவில்லை. அந்த நெருப்புக்கு இரண்டு பேரும் நின்றிருக்கிறோம்.

என்றாலும் ஒன்பது வருசம் என்னை இப்படி விட்டது சரியா? அந்தக் கோபம் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அண்ணி உங்கள் அஸ்தியோடு வாறா. முதல் நாளே போய்க் கட்டுநாயக்காவில் நிற்பேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைக்க நேரம் குறிக்கவேண்டாம், வந்து சேர்ந்த பிறகு தொடங்கலாம் என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன். இது என் வாக்கு.

இதைப் பேப்பரின் நினைவஞ்சலிப் பக்கத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் படமும் பெயரும் மேலே இருக்கும். கீழே என் பெயரைப் போட்டால் சனம் என் கதையாகத்தான் வாசிக்கும். நீங்கள் வந்த கதையை அல்லவா அவர்கள் அறியவேண்டும்? உங்களுக்கு நான் ஒரே தம்பி. பெயர் எழுதாமல், இப்படியே உறையை ஒட்டித் தபாலில் போடுகிறேன்.