ஐஸ் பெட்டியில் என் மானம்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை. எனக்கு! எழுபத்து மூன்று வயதுவரை சாராயத்தின் வாசனையைக்கூட மூக்கில் ஏற்றாத எனக்கு. ரிப்போர்ட்டைப் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். யாரிடமிருந்து? அவர் போனபிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மார்ச் 5, புதன்

தம்பி ராசாங்கத்துக்கு இதே வியாதி வந்தபோது, "குடிக்காதவனுக்கு எப்படிடா வரும்?" என்று அவன் சம்பந்தி முன்னாலேயே கேட்டவள் நான். அவன் மனைவி புஷ்பவல்லி சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. நாலு வருஷமாக அவன் என் வாசல் மிதிக்கவில்லை. கான்வென்டில் படித்தபோது எனக்கு நன்னடத்தைக்குப் பரிசெல்லாம் கொடுத்தார்கள், பாவம்.

மார்ச் 7, வெள்ளி

பெரம்பலூர் ஆஸ்பத்திரி. டாக்டர் சண்முகப்பிரியா சின்னப் பெண். குடலில் கோடி கோடியாக வைரஸ்கள் குடியிருக்கின்றனவாம். பெரும்பாலும் அங்கிருக்கும் பாக்டீரியாவைத் தாக்கிப் பிழைப்பவை. கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்களிடம் அந்தக் கூட்டம் வேறு மாதிரி இருக்கிறதாம்.

"அதுதான் காரணமா?"

"இன்னும் உறுதியா தெரியலம்மா. அதான் ஆராய்ச்சி பண்றோம். நீங்களும் சேர்றீங்களா?"

விஞ்ஞானத்துக்கு என் பங்கு என்று பெருமையாகத் தலையாட்டினேன். அப்புறம்தான் சொன்னாள், மலம் வேண்டுமாம். இரண்டு மணி நேரத்துக்குள், ஐஸ் பெட்டியில் வைத்து.

மார்ச் 9, ஞாயிறு

அரியலூரிலிருந்து பஸ்ஸில், அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டா? பக்கத்து சீட்டுக்காரி "என்னம்மா, ஐஸ்கிரீமா?" என்று கேட்டால்?

காரோடு எனக்கென்று இருப்பவன் ஒருத்தன்தான். தம்பிக்குப் போன் செய்தேன். வியாதி, பெட்டி, எல்லாம் சொன்னேன்.

"வரேன்க்கா. கெளம்பறதுக்கு முன்னாடி ஒருதரம் மோந்து பாத்துக்கறேன், சரக்கு வாசன அடிக்குதான்னு."

எனக்கு வேணும். நல்லா வேணும்.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளம் வந்தபோதெல்லாம், பெட்டிக்குள் முட்டை இருப்பதுபோல் மெதுவாக ஓட்டினான். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் தந்தார்கள். குடும்பத்தில் வேறு யாருக்கு இந்த நோய் உண்டு என்று ஒரு கேள்வி. ராசாங்கம் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதினேன்: தம்பிக்கு. குடிப்பழக்கம் ஒருபோதும் இருந்ததில்லை.

அந்த வரியை அவன் இரண்டு முறை படித்தான் என்று நினைக்கிறேன்.

"டீ குடிக்கலாமாக்கா? சக்கர இல்லாம."

மார்ச் 16, ஞாயிறு

ராசாங்கம் வீட்டில் மதியச் சாப்பாடு. புஷ்பவல்லியின் ரசத்தில் உப்பு தூக்கல். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.