தீபப் பாறை காயும் நேரம்

1925, கார்த்திகை தீபத்துக்கு முந்தைய நாள், இலங்கை மலைநாட்டு நமுனுகுல.

நாளைய தீபத்து எண்ணெயில் கொஞ்சம் எரித்து இதை எழுதுகிறேன். முருகன் பொறுத்துக்கொள்ளட்டும்.

காலையில் அண்ணன் தீபம் ஏற்றும் பாறையில் ஏறிப் பார்க்கப் போனார். இரவு மூடுபனியில் நனைந்து பாறை கருத்திருந்தது.

"காத்தடிச்சுக் காயட்டும், அண்ணே. பாசி வழுக்கும்" என்றேன், கீழே நின்றபடி.

"பி.ஏ. படிச்சவ பாறைக்கும் பாடம் நடத்துறா!" என்று சிரித்தபடி கால் வைத்தவர், சறுக்கி உட்கார்ந்துவிட்டார். மதியம் காற்று வீசிப் பாறை வெளுத்த பிறகு சுலபமாக ஏறி இறங்கினார்.

"நாளைக்கு எப்ப ஏறலாம்னு நீயே சொல்லு, தாயி."

"வெளுத்ததும் ஏறுங்க" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண்கள் கீழே நிற்பதுதான் வழக்கம் என்பதால், வாய்வரை வந்த இன்னொன்றை விழுங்கிவிட்டேன். நாளை கேட்டுவிடுவேன்:

அண்ணே, எண்ணெய்ச் சட்டிய நான் தூக்கிட்டு வர்றேன், என்னையும் மேல கூட்டிட்டுப் போங்க.