பைய பேசுங்க தாத்தா

தை 1, வியாழன் இரவு
லீட்ஸ், இங்கிலாந்து

காலையில் நடந்தது இன்னும் மனசை விட்டு அகலவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவசரமாகப் பொங்கல் வைத்தேன். பால் பொங்கியதும் மீனாவும் அவள் தம்பியும் குலவை போட்டார்கள். ஊரில் என் அம்மா போடுவதைப் போனில் பார்த்துப் பழகியது. பால் வழிந்து தீய்ந்ததில் புகை அலாரமும் சேர்ந்து அலறியது.

கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டம்மா பதறிப்போய் நின்றார். மீனாவின் பட்டுப்பாவாடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இன்று ஏதும் பண்டிகையா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

"அதெல்லாம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் சும்மா விளையாடுகிறார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கதவை அடைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. மீனா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சற்று நேரத்தில் சேரன்மகாதேவியிலிருந்து அப்பா வீடியோவில் வந்தார். வரப்பில் நின்று கூப்பிடுகிற குரல் அவருக்கு.

"ஏட்டி மீனா, பால் பொங்கிட்டா? தாத்தாவுக்கு ஒரு குலவை போடு, கேப்போம்!"

மீனா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"பைய பேசுங்க தாத்தா. இன்னைக்குப் பொங்கல்னு இங்க யாருக்கும் தெரியக் கூடாது."

அப்பாவின் கண்கள் என்னைத் தேடின. அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"சரி தாயி. நான் யார்ட்டயும் சொல்லல."