நாலாம் பெட்டியின் சூடு

ஜனவரி 12

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம்தான். உங்கள் கடிதம் அத்தி பூத்தாற்போல் வருகிறது. அதிலும் பாதி தேனீக்களைப் பற்றித்தான். கொல்லையில் மூன்று பெட்டிகளிலும் ஈக்கள் நன்றாக வந்து போகின்றன. நாலாம் பெட்டியைப் பற்றி நான் என்ன எழுத? நீங்கள் அதற்குள் வைத்துவிட்டுப் போன விரல் நீளக் கருவிதான் கூட்டின் சூட்டை அவ்வப்போது உங்கள் போனுக்குச் சொல்லிவிடுகிறதே.

கிளம்பும்போது, "இந்தக் கூடு மழைக்காலத்தத் தாண்டிட்டா வேலைய விட்டுட்டு வந்துடறேன், தேனை வெச்சே பொழைச்சுக்கலாம்" என்றீர்கள். மழை விட்டுவிட்டது. எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
வாயாடி

பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

காலையில் கண் விழித்ததும் போனில் நாலாம் பெட்டியைத்தான் பார்க்கிறேன். முப்பத்தைந்து டிகிரி, இம்மி பிசகவில்லை. உள்ளே குஞ்சுகள் நன்றாக வளர்கின்றன என்று அர்த்தம். தினமும் காலையில் மட்டும் கொஞ்ச நேரம் சூடு இறங்கி ஏறுகிறது. பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறாயா? கையை வைத்துக்கொண்டு சும்மா இரு, தாயே.

நான் பக்கத்தில் இல்லாமலே கூடு இவ்வளவு நன்றாக இருக்கும்போது அவசரப்பட்டு வருவானேன்? முதலாளி இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 1

வாயாடிக்கு,

போன கடிதத்துக்குப் பதிலே காணோம். கோபம் என்று தெரியும், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நேற்றிலிருந்து நாலாம் பெட்டி முப்பத்தொன்பதில் நிற்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே நிழலுக்கு மாற்று. ஈரத்துணி போடு. பக்கத்தில் தண்ணீர் வை. காற்று வரட்டும். தனியாக விட்டுவிட்டு எங்கும் போய்விடாதே. பாவம், வாயில்லாத ஜீவன். தனக்கு என்ன ஆகிறது என்று அதனால் சொல்ல முடியுமா?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

நாலாம் பெட்டியில் ஈக்கள் இல்லை. மழை தொடங்கியதுமே கூண்டோடு கிளம்பிப் போய்விட்டன. திறந்து பார்த்தபோது வெறும் தேனடைகளும் உங்கள் கருவியும்தான் இருந்தன. கூடு போனது தெரிந்தால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்தேன். கருவியைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை, காலையில் குளிக்கும்போது மட்டும்தான். அந்த முப்பத்தைந்து டிகிரி நான்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதிய பிறகும் அதைக் கழற்ற மனம் வரவில்லை. கண் விழித்ததும் என்னைத்தானே பார்க்கிறார் என்று ஓர் அற்ப சந்தோஷம். அப்புறம் காய்ச்சலில் விழுந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் நெற்றியில் ஈரத்துணி போட்டார், தண்ணீர் கொடுத்தார், ஜன்னலைத் திறந்து வைத்தார். "வீட்டுக்காரருக்குச் சொல்லலையாம்மா?" என்று கேட்டார். "அவருக்குத் தெரியும்க்கா" என்றேன்.

காய்ச்சல் விட்ட அன்று உங்கள் கடிதம் வந்தது. கல்யாணமான நாள்முதல் இவ்வளவு அக்கறையாக நீங்கள் எழுதியதில்லை. திரும்பத் திரும்பப் படித்து அழுதேன். அதில் ஒரு வரிகூட எனக்கு இல்லை.

மற்ற பெட்டிகளை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன். நாளை அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வருவதாக இல்லை. கருவியை அணைத்துச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். இனி உங்கள் போனில் ஒன்றும் வராது. கூட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். நான் பிழைத்துக்கொண்டேன்.

வாயாடி