ஊதா நாக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்றிலிருந்து என்னை அலமாரி அடுக்கும் வேலையிலிருந்து எடுத்து, கடை வாசலில் நிறுத்திவிட்டார்கள். தலையில் மஞ்சள் காகிதத் தொப்பி. முன்னால் மிட்டாய் டப்பாக்கள் அடுக்கிய மேசை. பின்னால் ஆள் உயரப் பலகை: 'உங்கள் குழந்தைப் பருவம், ஒரு டப்பாவில்.' அதில் ஒரு சிறுமி நாக்கை நீட்டிச் சிரிக்கிறாள். வருகிறவர்களுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, கொஞ்சம் கழித்து "நாக்கை நீட்டுங்க" என்று சொல்லிப் படம் எடுக்க வேண்டும். யார் நாக்கில் சாயம் நன்றாக ஏறியிருக்கிறதோ அவருக்குப் பரிசு. "சிரிச்சுக்கிட்டே சொல்லும்மா, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்காதே" என்றார் மேனேஜர்.

எல்லாம் அம்மா வேலை பார்த்த கம்பெனியின் மிட்டாய்தான். பழைய ரகங்களைத் தூசி தட்டி மறுபடி இறக்கியிருக்கிறார்கள். ஆரஞ்சு, பச்சை, அந்த ஊதா. திராட்சை என்று போட்டிருக்கிறார்கள். எந்தத் திராட்சையும் அப்படி இருக்காது. டை கட்டிய ஒருவர் வாயில் போட்டதும் கண் கலங்கி நின்றார். எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அப்படியே வந்து நின்றது.

சனிக்கிழமைதான் கம்பெனியில் உடைசல் பொட்டலம் கொடுப்பார்கள். அச்சில் கோணிப்போனது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, ஓரம் சிதறியது. முழு மிட்டாய் என்று ஒன்று இருப்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்கும் தம்பிக்கும் தெரியும். பார்த்ததும் ஏமாற்று வேலை என்று நினைத்தோம். ஒரே நிறம், ஒரே ருசி! எங்களுடையதில் ஒரே கடியில் மூன்று நிறம் வரும். தின்றுவிட்டுக் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டுவோம். அம்மாவிடம் காட்டப் போனால் மட்டும் அவள் முகம் சுண்டிவிடும். ஒரு தடவை தம்பிக்கு அறையே விழுந்தது. "உள்ள போடுடா நாக்கை." அவள் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. அந்த வாசனையே குமட்டுது என்பாள்.

அவள் வாய்ப்புண் இன்னும் ஆறவில்லை. நாளை கிளினிக் போக வேண்டும்.

மார்ச் 5, புதன்

டாக்டர் டார்ச் அடித்து நாக்கை நீட்டச் சொன்னார். அம்மா வாயைத் திறந்தாள், நாக்கை நீட்டவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்கக் கேட்க, பல்லுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "சின்னக் குழந்தையா நீங்க?" என்று டார்ச்சை அணைத்துவிட்டு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இது மூன்றாவது டாக்டர். மூன்று பேரிடமும் இதே கூத்து. பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன பிடிவாதம் இது?

மார்ச் 19, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. மரத்துப்போக ஊசி போட்டு, அவர்களே நாக்கை இழுத்துப் பார்த்தார்கள். பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்திருக்கிறார்கள். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

புற்றுநோய். எழுதிப் பார்த்தேன். எழுதினாலும் அப்படியேதான் இருக்கிறது.

பாதி நாக்குக்கு மேல் எடுக்க வேண்டுமாம். பேச்சு குழறும், ருசி தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எடுத்துட்டா, அப்புறம் யாரும் நீட்டச் சொல்ல மாட்டாங்கல்ல?"

டாக்டர் சிரித்துவிட்டார். 

ஏப்ரல் 6, ஞாயிறு

காகித அத்தை வந்திருந்தார். அம்மாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மிட்டாய்க்குக் காகிதம் சுற்றியவர். நாங்கள் வைத்த பெயர். வந்ததும் வராததுமாக, "ஏண்டி, வாய் ஓயாமப் பேசுறவளுக்கு வாயிலேயா வரணும்? நான் எங்க போய் வம்பு கேப்பேன்?" என்றார். அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தூங்கியதும், நான் டாக்டர்களிடம் பட்ட அவமானத்தைச் சொல்லிப் புலம்பினேன். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டார். "உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

கம்பெனிக்கு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கேட்டில் வரிசையாக நின்று நாக்கை நீட்ட வேண்டுமாம். காவல்காரர் டார்ச் அடித்துப் பார்ப்பாராம். நிறம் இருந்தால் திருட்டு. பெஞ்சு வேலைக்காரிகளுக்கு மட்டும்தான். ஆபீஸ் மேசைகளில் தட்டு நிறைய மிட்டாய் இருக்குமாம். "மாடு வாங்குறவன் பல்லைப் பார்ப்பானே, அப்படிப் பார்ப்பான்மா."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் தம்பி அப்போ தத்தித் தத்தி நடக்கிற வயசு. காலையில இவ கிளம்புறப்போ வாயில ஒரு உடைசலைத் திணிச்சிருக்கான். கேட்டுல பார்த்தா ஊதா. புள்ள ஊட்டினான்னு சொன்னா எவன் நம்புறான்? ஷிப்ட்டு மாறி எல்லாரும் போய் முடியுற வரைக்கும் நாக்கை நீட்டிக்கிட்டே நிக்க வெச்சாங்க. எச்சில் வடியுது, துடைக்க விடல. நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனோம். நானுந்தான்."

மூன்று டாக்டர்கள். மூன்று டார்ச். நான் பஸ்ஸில் கத்தியது.

தம்பியிடம் இதைச் சொல்ல மாட்டேன். என்றைக்கும்.

ஏப்ரல் 7, திங்கள்

மிட்டாய் கொடுத்தேன். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மேனேஜர் வந்து, "ஒரு வார்த்தை சொல்றதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றார். "மொதல்ல நீங்க நீட்டுங்க சார். இங்க, எல்லாரும் போய் முடியுற வரைக்கும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்பக்கக் கிடங்கில் மூட்டை பிரிக்க அனுப்பிவிட்டார். நல்லது. அங்கே சிரிக்க வேண்டியதில்லை.

எங்கள் குழந்தைப் பருவத்தை டப்பாவில் அடைத்து விற்கிறார்களாம். அம்மாவின் அந்த நாட்களை எதில் அடைப்பார்கள்?

மே 9, வெள்ளி

கழுத்து, நுரையீரல் எல்லாம் பரவிவிட்டது. இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்று என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அம்மாவிடம் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரிடம், "கத்தி வைக்க வேண்டாமாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து பார்த்தால், அலமாரியில் தன் துணிகளை யார் யாருக்கு என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

இனி குழாய் வழியாகத்தான். அதையும் சாப்பாடு என்றுதான் சொல்கிறோம்.

ஜூன் 21, சனி

தம்பி அந்த டப்பாவை வாங்கி வந்துவிட்டான். சனிக்கிழமையாச்சேக்கா என்கிறான். எடுத்துக்கிட்டு வெளிய போடா என்று சீறினேன். அவன் முகம் செத்துப்போனது. கட்டிலிலிருந்து அம்மா கையை ஆட்டினாள். கொடு.

விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சும்மா வைத்து எடுங்கள் என்றார் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா. தம்பி டப்பாவைக் கிளறினான். ஊதாவை எடுத்தான். அது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொல்வது? அவன் அம்மாவின் உதட்டில் அதை வைத்தான். அதே கை. அவள் அவனையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

ரொம்ப நேரம் வைத்திருந்தாள். எரிந்திருக்கும். "இனிப்பாத்தான் இருக்கு" என்று குழறினாள்.

பிறகு, யாரும் கேட்காமல், நாக்கை நீட்டினாள். பல்லைத் தாண்டி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. புண், வீக்கம், எல்லாவற்றின் மேலும் ஊதா. "அய்யோ, அம்மா ஜெயிச்சிடுச்சு!" என்று தம்பி சிரித்தான். அவனும் ஒன்றைப் போட்டுக்கொண்டு நீட்டினான். நானும்.

"ஏங்க்கா, அம்மா என்னையே பார்த்துச்சு?" என்று பிறகு சமையலறையில் கேட்டான்.

"உன் மூஞ்சி அப்படி" என்றேன்.

ஜூன் 23, திங்கள்

நேற்றுக் காலை, தூக்கத்திலேயே.

நர்ஸம்மா வந்து முகத்தைத் துடைத்தார். வாயைச் சுத்தம் செய்யப் பஞ்சை எடுத்தவர் நின்றுவிட்டார். "என்னம்மா இது, இப்படி ஊதாவா இருக்கு? மருந்தா?"

"மிட்டாய்."

"துடைச்சிடுறேன். வர்றவங்க பார்த்தா என்னமோ ஏதோன்னு நினைப்பாங்க."

"வேண்டாம்."

என்னைப் பார்த்தார். பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, அம்மாவின் வாயை மெல்ல மூடினார்.