தங்கத்தின் முன்கதைச் சுருக்கம்

விருதுநகர்
12-9-1962

செல்வ மகள் பொன்னுத்தங்கத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. மாரியம்மன் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் சுகம். டாட்டா நகரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

தொடர்கதை விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீ ஒழுங்காகப் படிக்கமாட்டாய். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டரம்மா உன்னிடம் சொன்னதிலிருந்து, நீ பத்திரிகை வாங்கக் கடைக்குப் போக முடியாததால், வாராவாரம் கதையைப் படித்து உனக்கு எழுதுவது என் பிழைப்பாகிவிட்டது, பழைய பேப்பர்க் கடையில் உட்கார்ந்து நான் கதை படிப்பதைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. படித்து எழுதலாம் என்று போன வாரத்து இதழைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். தீபாவளி சீசன் அவசரத்தில் நம் பலவேசம் அதையும் பழைய பேப்பர் கட்டோடு சேர்த்துச் சிவகாசிக்கு லோடு ஏற்றிவிட்டான். ஆள் போய்ப் பார்ப்பதற்குள் வெடிக்குக் குழாய் உருட்டி ஒட்டியாகிவிட்டது. கேட்டால், மொதலாளி, கட்டுல கெடந்துச்சு, ஏத்துனேன், அதுல கல்யாணம் நடக்குன்னு நான் கண்டேனா என்கிறான். நீ காத்திருந்த நாயகியின் கல்யாணம் எந்த ஊரில் வெடிக்கப்போகிறதோ. இந்த வாரத்து முன்கதைச் சுருக்கத்தில் 'பெரியோர் சம்மதத்துடன் திருமணம் நடந்தது' என்று ஒரே வரி, பந்தலும் இல்லை பந்தியும் இல்லை. மீதியை நீயே நடத்திக்கொள். சின்ன வயதில் பழைய பேப்பர் அடுக்கும் நம் கிட்டங்கியில் கட்டைப் பிரித்து, கிடைத்த வாரத்தைப் படித்துவிட்டுக் கிடைக்காத வாரத்தைச் சுருக்கத்தை வைத்துக் கட்டிச் சொன்னவள்தானே நீ.

இப்படிப் படித்ததில் ஒன்று கவனித்தேன். கதை தொடங்கிய புதிதில் சுருக்கம் அரைப்பக்கம் வந்தது, நாயகியின் தகப்பன் இறந்ததே பத்து வரி. இப்போது 'தந்தையை இழந்த' என்று இரண்டு வார்த்தையோடு சரி. கதை நடக்க இடம் வேண்டும் அல்லவா.

உன் கடிதங்களை நினைத்துக்கொண்டேன் தாயி. போன வருஷம் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து எல்லாக் கடிதமும் அங்கேதான் ஆரம்பிக்கும், ஆஸ்பத்திரி, நர்சு சொன்னது, அன்றைய மழை, எல்லாம் முதலிலிருந்து. அந்தப் பக்கத்திலேயே அம்மா அழுதுவிடுவாள், மிச்சத்தை மறுநாள்தான் வாசிக்க விடுவாள். நேற்று வந்ததை வாசித்தேன். பிள்ளை உதைக்கிற உதையில் தூக்கமில்லை என்று ஆரம்பித்து, மாப்பிள்ளை வைத்த குழம்பில் உப்பில்லை என்று முடித்திருந்தாய். அம்மா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏங்க, முன்னால ஒரு தாளு விட்டுப்போச்சா, பழசு ஒண்ணையும் காணமே என்று கேட்டாள். எல்லாம் இருக்கு என்றேன். முதலிலிருந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அழுதாள்தான், ஆனால் உடனே எழுந்துபோய் உனக்கு அனுப்பச் சீடைக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி நேற்றே வந்துவிட்டது.

கனமான எதையும் தூக்காதே, மாத்திரையை மறக்காதே. பயம் வந்தால் மறைக்காமல் எழுது. போன பிள்ளையை மறக்கச் சொல்லவில்லை, நாங்களும் மறக்கவில்லை, அதற்கு ஒரு வரி என்றைக்கும் உண்டு. சீசன் முடிந்ததும் அம்மாவை ரயிலில் கூட்டி வருகிறேன். மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், மூன்று பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சண்முகவேல்

நேற்றைய உன் கடிதம் அம்மாவின் சேலைப் பெட்டியில் இருக்கிறது. பலவேசத்தின் கை அங்கே எட்டாது.